நிமிடத்துக்குத் தொண்ணூறு

புருன்னன் படகுத்துறையில்
கம்பத்து உச்சியில் ஒரு செம்மஞ்சள் விளக்கு.
நிமிடத்துக்கு நாற்பது தரம் மின்னினால் கவனம்.
தொண்ணூறு என்றால் கரைக்கு வா.
பாடம் இவ்வளவுதான்.
எண்ணுகிறவர்தான் இல்லை.

ரோட்டு வேலையாக்கும் என்பார் ஒருவர்.
ஆம்புலன்ஸ் என்பார் இன்னொருவர்.
போன வாரம் ஒரு புதுமணத் தம்பதி
அதன் கீழே நின்று படம் எடுத்தார்கள்,
வெளிச்சம் கன்னத்தில் விழும்வரை பொறுத்திருந்து.

நான் பெடல் படகு வாடகைக்கு விடுகிறவள்.
மணிக்கு முப்பது பிராங்க்,
அன்னக் கழுத்து வைத்ததற்கு ஐந்து கூட.
கடிகாரத்தில் பதினைந்து வினாடி பிடிப்பேன்.
பத்து மின்னினால், தூரம் போகாதீர்கள்.
இருபத்திரண்டு என்றால் சங்கிலியைப் பூட்டிவிடுவேன்.

அன்று ஏப்ரல் கடைசி ஞாயிறு.
வானம் விளக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் சட்டி.
மலைகள் ஓரடி முன்னே வந்து நின்றன,
பனியின் மடிப்பை எண்ணலாம்.
இருபத்திரண்டு.
பூட்டிவிட்டேன்.

லூசர்னிலிருந்து வந்திருந்தார் அமிர்தநாதர்,
மனைவி, மூன்று பிள்ளைகள்,
ஒரு குளிர்பெட்டி நிறைய றோல்ஸ்.

"அன்னம் ஒண்டு தாங்கோ தங்கச்சி."
"இல்லை அண்ணை, ஃபோன் வருது."
சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.
"எனக்கு ஒருத்தரும் எடுக்கேல்லையே?"
"அந்த ஃபோன் இல்லை. காத்து."

தெற்கே மலை இறங்கி வரும் சூட்டுக் காற்றுக்கு
இங்கே அப்படி ஒரு பெயர்.
நான் என்ன செய்ய?

"காத்தோ? எங்க காத்து?"
கையை நீட்டிக் காட்டினார்.
இலை அசையவில்லை.
ஏரி அப்போதுதான் சவரம் செய்த கன்னம்.
"நான் மயிலிட்டி ஆள்.
கடலே பாத்தனான். இது குளம்."
"எங்கட ஆள் எண்டு கேட்டா இப்பிடித்தான்" என்றார் மனைவி,
எனக்குக் கேட்கும்படி,
என்னிடம் அல்லாமல்.

மண்டபம் முகாமில் இருந்தபோது
வானொலி அடிக்கடி சொல்லும்:
பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றம்.
மூன்று என்றால் என்ன என்று கேட்டேன்.
இரண்டுக்கு மேலே, நாலுக்குக் கீழே
என்றார் பக்கத்து வரிசை இன்னாசி.
கூண்டைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.
அதற்குள் கிளி இருக்கும் என்று
வெகுநாள் நம்பியிருந்தேன் நான்.

அமிர்தநாதர் கல்லில் குந்தி றோல்ஸ் தின்றார்,
விளக்கையும் என்னையும் மாறி மாறி முறைத்தபடி.
நடுப்பிள்ளை ஒரு முழு நிமிடம் எண்ணிவிட்டு
"அப்பா, தொண்ணூறு இல்லை, எண்பத்தெட்டு" என்றாள்.
"பாத்தியளோ!" என்றார் அவர்.

இருபது நிமிடம். முப்பது.
ஒன்றும் வரவில்லை.
எனக்கே சந்தேகம், வாடகைக் கணக்கும் மனதில்.
இந்த வேலையில் கஷ்டம் அந்த முப்பது நிமிடந்தான்.
காற்று வந்தபின்
யாருக்கு வேண்டும் விளக்கு?

பிறகு தெற்கே
தண்ணீரில் ஒரு கோடு கறுத்தது.
கோடு பட்டையாகி, பட்டை வெளுத்து,
குளிர்பெட்டி மூடி தலைக்கு மேலே போயிற்று.
அப்போதுதான் பார்த்தேன்:
சீட்டுக் கூண்டுக்கு வெளியே
என் பெரிய குடை, விரித்தபடியே.
நாற்பதிலேயே மடக்கியிருக்க வேண்டியது.
ஊரை எல்லாம் தடுத்தவள்
அதை மறந்திருக்கிறேன்.

ஓடிப்போய்க் கம்பைக் கட்டிப்பிடித்தார் அமிர்தநாதர்.
கால் தரையை விட்டு எழும்பிற்று.
"விடுங்கோ அண்ணை! குடை போகட்டும், விடுங்கோ!"
விட்டார்.
அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி,
ஒரு தரம் சுழன்று,
கட்டிக் கிடந்த அன்னத்தின் கழுத்தை
நடுவில் முறித்துக்கொண்டு போனது.

நாங்கள் எல்லோரும் கூண்டுக்குள் நெருங்கி நின்றோம்,
ஏழு பேருக்கு இடமில்லாத கூண்டு.
எப்படி ஏழு என்று இப்போதும் தெரியவில்லை,
யாரோ ஒரு சைக்கிள்காரன்.
மிச்ச றோல்ஸில் எனக்கும் ஒன்று கிடைத்தது.

அன்னத்துக்குக் கழுத்து வைக்க நானூறு பிராங்க்
என்று முதலாளியம்மா பெட்ஷார்ட்
என் பெயருக்கு நேரே எழுதிவைத்தார்.

அடுத்த ஞாயிறு ஃபோன் வந்தது.
இது மற்றது, மணி அடிப்பது.
பலகையில் இருந்த நம்பரைக் குறித்திருக்கிறார்.
"தங்கச்சி, இங்க எங்கட கரையிலயும் மின்னுது.
பதினைஞ்சு செக்கனுக்குப் பத்து.
மூண்டு தரம் எண்ணிப்போட்டன்.
இப்ப என்ன செய்யிறது?"

குடையை மடக்குங்கோ, என்றேன்.